மேலே முத்திரை இல்லாத கடிதம்

ஏழு கடலுக்கு அப்பால் இரண்டு ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருக்கும் வாண்டுக்கு, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பேரரசனும், நின்றுபோன விசிறிகளுக்கெல்லாம் மூச்சு கொடுக்கும் வள்ளலும், ஆறடிக்கு நாலடி கடையை ஐந்நூறு வருடமாக ஆண்டுவரும் சக்கரவர்த்தியுமாகிய உன் மாமா எழுதிக்கொண்டது. நான் நலம். என் முழங்கால் நலமில்லை, ஆனால் அது என்றைக்கு நலமாக இருந்தது. இதற்குள் நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய், மேலே முத்திரை எங்கே என்று. நீ விமானம் ஏறிய வாரம் உங்கம்மா தான் வேலை செய்யும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் உட்கார்ந்து எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோர்த்து எனக்கென்று ஒரு முத்திரை செய்தாளே, எப்படியும் எல்லாக் கடிதத்திலும் நீ இதைத்தானே எழுதப்போறே, கை வலிக்காம குத்திட்டுப் போடா என்று. மேல்வரி, இங்கு யாவரும் நலம். கீழ்வரி, உன் நலம் அறிய ஆவல். மூன்று வருடமாக உனக்கு வந்த அத்தனை கடிதத்தின் தலையிலும் அது நீல மையில் உட்கார்ந்திருந்தது, இதில் இல்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். வயிற்றுப்புண், மாத்திரையில் சரியாகிவிடும் என்று நாலு மாதமாக உனக்கு எழுதினேனே, அது பொய். உங்கம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி. கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. இனி மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன், மாதக் கணக்கு என்றார், அந்தக் கணக்கில்தான் நாலு மாதம் போய்விட்டது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கம்மாதான் கடிதமாக எழுது, போன்ல சொன்னா பாதி காதுல விழாது, கடுதாசின்னா நாலு தடவை படிப்பா என்றாள். ஆமாம், அவளுக்கும் தெரியும். அது எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன கடிதத்தில் நீ ஒரு பெரிய பட்டியல் போட்டிருந்தாய், உன்னோடு படிப்பவர்கள் நம் பழக்கங்களைக் கண்டு வாயைப் பிளக்கிறார்கள் என்று. நாம் தலையை ஆட்டினால் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரியவில்லையாம். புரியக்கூடாது என்றுதானே ஆட்டுகிறோம், ஒரே ஆட்டில் சரி, பார்க்கலாம், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், என்னை விடு என்று நாற்பத்திரண்டு அர்த்தம் வைத்திருக்கிறோம், அதைப் போய் இரண்டாகச் சுருக்கச் சொன்னால் எப்படி. முன்பின் தெரியாத பஸ் டிரைவரை அண்ணா என்கிறாய், காய்கறிக்காரியை அக்கா என்கிறாய், உனக்கு எத்தனை உடன்பிறப்பு என்று ஒருத்தி கேட்டாளாம். எட்டுக் கோடி என்று சொல்லியிருக்கவேண்டியதுதானே. பார்த்தவுடன் சாப்பிட்டியா என்று கேட்பதைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதற்கு இங்கேயே ஒரு சாட்சி உண்டு. உங்கம்மாவைப் பார்க்கும் டாக்டர் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர், ஒட்டகச்சிவிங்கிக்குக் கோட்டு மாட்டியதுபோல் இருப்பார், நம் பாஷை பேசுவார் ஆனால் நம் சங்கதி எதுவும் தெரியாது. உங்க அக்கா ஏன் தினமும் நான் சாப்பிட்டேனான்னு விசாரிக்கறாங்க, என் உடம்புல ஏதாவது தெரியுதா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பயப்படாதீங்க டாக்டர், அது வணக்கம் மாதிரி, ஆனா நீங்க இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்றேன். அவர் நேர்மையான மனிதர், மறுநாள் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உங்கம்மாவின் தலைமாட்டு டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட் அவர் பைக்குப் போகிறது.

அந்த டாக்டர்தான் முதல் நாள் என்னிடம் மாட்டிக்கொண்டார். ரிசல்ட் வந்த காலையில் கையில் காகிதத்தோடு ஆஸ்பத்திரியில் நேரே உங்கம்மாவின் கட்டிலுக்குப் போனார். நான் பாய்ந்து குறுக்கே நின்று, சார் கொஞ்சம் வெளியே என்றேன். ஏன், நோயாளி அவங்கதானே என்றார். நோயாளி அவங்கதான், கேட்டுக்கறது நான் என்றேன். அவருக்கு அது பிடிபடவே இல்லை. ஒருத்தியின் கல்லீரலைப் பற்றி அவளை விட்டுவிட்டு, வார்னிஷ் நாற்றமடிக்கும் ஒரு வழுக்கைத் தலையனிடம் எதற்குச் சொல்லவேண்டும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் வராந்தாவுக்கு வந்தார். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதை ஒட்டித்தான் அவள் கட்டில். வெளியே வந்தவர், நான் விஷயம் புரியாமல் விழிப்பதைப் பார்த்து, காகிதத்தை அந்தக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போல் பிடித்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டிச் சொன்னார். கடைசி இரண்டு வரி தடித்த எழுத்து. சொல்லி முடித்ததும் நான் தலையை ஆட்டினேன். நாற்பத்திரண்டில் எந்த அர்த்தம் என்று எனக்கே தெரியாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அக்கா, வெறும் வயிற்றுப்புண், இதுக்குப்போய் என்னமா பயமுறுத்திட்டான் அந்த நெட்டையன் என்றேன். உங்கம்மா என் சட்டைக் காலரைப் பார்த்தாள். அப்படியாடா, நல்லவேளை என்றாள். பிறகு, குட்டிகிட்ட சொல்லாதே, பரீட்சை நேரம், புண்ணுன்னாலும் பதறுவா, வேணும்னா முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். நான்தான் கேட்காமல் புண் என்ற அளவுக்காவது உன்னிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை நாடகம் என்று சொன்னால் நாடகக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கீழ்வீட்டுத் தையல்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், ஸ்டாம்ப் கடை முதலாளிக்குத் தெரியும், எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும், அதுவும் கொஞ்ச நாளாகக் குரைப்பதில்லை. தெரியாதது இரண்டே பேருக்கு, உனக்கும் உங்கம்மாவுக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் படியில் என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், மேலே வந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு, வயித்துப்புண்ணுக்கெல்லாம் படுக்கலாமா, எழுந்திரும்மா என்பார்கள். தையல்காரர் தன் மச்சினனுக்கு இதைவிடப் பெரிய புண் இருந்தது என்றார். விடுவேனா, என் சித்தப்பாவுக்குப் பூசணிக்காய் அளவு இருந்தது, அவர் அதை வைத்துக்கொண்டே மூன்று மாடி வீடு கட்டினார் என்றேன். எல்லோரும் சிரித்தோம். உங்கம்மாதான் அதிகம் சிரித்தாள். போகும்போது ஒவ்வொருத்தரும் வரேம்மா, வரேம்மா என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் திரும்பி அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை மட்டும் யாருக்கும் மறைக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவதற்கு ஒரு மணிநேரம் முன்பே என் வேலை ஆரம்பிக்கும். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தின் பள்ளத்தில் விழாமல் கட்டிலைத் திருப்பவேண்டும், கழுத்துவரை போர்வை, கண்ணில் தெரியும் மஞ்சளை மறைக்க என் பழைய கறுப்புக் கண்ணாடி. அம்மா ஏன் உன் கண்ணாடியைப் போட்டிருக்கா என்று நீ கேட்டாய், அவளுக்கு அதில்தான் நான் அழகாகத் தெரிகிறேன் என்றேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் வயிற்றில் உண்மையிலேயே ஒரு புண்ணைப் போட்டது.

புதன்கிழமை காலை உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்தேன். தலையாட்டல், அண்ணா, அக்கா, சாப்பிட்டியா எல்லாவற்றுக்கும் சிரித்தாள். கடைசியில் நீ எழுதியிருந்தாயே, பக்கத்து அறைப் பெண்ணுக்கு அவள் அம்மா போன் செய்து, எனக்கு இன்ன நோய், இத்தனை மாதம் என்கிறார்கள், உனக்கு எப்போது வர முடியும் என்று கேட்டாளாம், இந்தப் பெண் உட்கார்ந்து அழுதுவிட்டு டிக்கெட் எடுத்தாளாம். எப்படி மாமா இப்படிப் பட்டென்று சொல்கிறார்கள், நெஞ்சே இல்லையா என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தில் தண்ணீர் குடிப்பதுபோல் பாசாங்கு செய்தேன். உங்கம்மா அந்தப் பகுதியை மறுபடி படி என்றாள். படித்தேன். அந்தப் பொண்ணு போனாளாமா என்றாள். போனாளாம் அக்கா, எட்டு நாள் கூட இருந்தாளாம் என்றேன். எட்டு நாள், பரவாயில்லையே என்றாள். பிறகு சொன்னாள், டேய், அன்னிக்கு டாக்டர் கண்ணாடியில வச்ச காகிதத்தை நானும்தான்டா படிச்சேன்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. காகிதம் எங்கள் பக்கம் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே கட்டிலில் இருந்தவளுக்கு அதன் முதுகுதானே தெரிந்திருக்கும் என்றேன். அவள் என்னை எரிந்துபோன மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இருபத்தாறு வருஷமா நான் என்ன வேலைடா பாக்கறேன் என்றாள். வாண்டு, உலகத்திலேயே மகா முட்டாள் யார் என்று உன் கல்லூரியில் யாராவது ஆராய்ச்சி செய்தால் என் விலாசத்தைக் கொடு. வராந்தா வெளிச்சத்தில் அந்தத் தாள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்திருக்கிறது. இடவலம் மாறிய எழுத்து உனக்கும் எனக்கும்தான் கிறுக்கல், அவளுக்கு அது தினப்படி சோறு. அந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பிரிவுக்கும் முத்திரை செய்து கொடுத்தவள் அவள், அந்தப் பயங்கர வார்த்தைகள் ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகக் கையால் தொட்டவள். டாக்டர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் அவள் கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறாள், சட்டைக் காலர் ஈரமாக இருந்ததாம். அப்போ ஏன் அக்கா சொல்லலை என்றேன். நீ எவ்வளவு கஷ்டப்பட்டு சொன்னே, அதைப் போய்க் கெடுப்பானேன்னு இருந்தேன் என்றாள். நாலு மாதம். அவளை நான் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், என்னை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், நீயும் அங்கே குளிரவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருப்பாய். பகலில் ஒருத்தருக்கொருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் தனித்தனியாக நினைத்திருக்கிறோம். என்ன வலி என்று நான் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. பூசணிக்காய்க் கதை சொல்லி அந்த நேரத்தைப் போக்கினேன். உன் பட்டியலில் நீ எழுத மறந்த பழக்கம் இதுதான். நெஞ்சு இல்லாமல் சொல்கிறவர்கள் அவர்கள் என்றாய், நெஞ்சு இருந்து சொல்லாத நாங்கள் என்ன சாதித்தோம் என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லிடுடா அவளுக்கு என்றாள் உங்கம்மா. ஆனா வான்னு எழுதாதே, விஷயத்தை மட்டும் சொல்லு, வர்றதும் வராததும் அவ இஷ்டம், இந்தத் தடவைப் பரீட்சையை விட்டுட்டு வந்தேன்னு பின்னாடி அவளுக்கு ஒரு குறை இருக்கக்கூடாது என்றாள். உங்கப்பா போனதிலிருந்து உன்னை இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்தோம், ஒரு விஷயத்திலாவது அவள் பேச்சை நான் கேட்டதுண்டா. இருந்தாலும் இந்த முறை கேட்கிறேன். வா என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை, சில வீட்டுச் செய்திகளை மட்டும் எழுதுகிறேன். உன் கட்டில்மேல் நான் அடுக்கியிருந்த நூற்றெட்டு மோட்டாரையும் இறக்கிவிட்டேன். ஜன்னல் கொக்கி சரியாகிவிட்டது. உன் அறை விசிறிக்குப் புதிதாகக் காயில் கட்டி மாட்டினேன், சத்தமே இல்லை. உங்கம்மா காலை ஒன்பதிலிருந்து பதினோரு மணிவரை தெளிவாக இருக்கிறாள், மற்ற நேரம் மருந்துத் தூக்கம். போன மாதத்தைவிட இந்த மாதம் தூக்கம் அதிகம். ஒட்டகச்சிவிங்கியிடம் கேட்டேன், என் மகள்னா இன்னைக்கே கிளம்பியிருப்பா என்றார், அவர் வெளியிலிருந்து வந்தவர், பட்டென்று சொல்லிவிடுவார். தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று உன் கல்லூரியில் வாய்விட்டுக் கேள், அங்கே எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்கலாம் என்று நீதானே எழுதினாய். கேட்டுவிட்டு எங்களுக்கும் உள்ளதை உள்ளபடி சொல், எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று அங்கேயும் ஒரு வயிற்றுப்புண்ணைக் கிளப்பாதே. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து அழாதே. பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல், அவளுக்குப் புரியும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு உங்கம்மா அந்த முத்திரையைக் கேட்டாள், பிளேடும் கேட்டாள். நான் பிடிச்சுக்கறேன் அக்கா என்றேன், உன் கை கம்பி சுத்தத்தான் லாயக்கு, தள்ளு என்றாள். நிறைய நேரம் ஆயிற்று. மேல்வரியை ஒரு எழுத்து மிச்சமில்லாமல் சீவி எடுத்தாள், ரப்பர்த் துணுக்குகள் போர்வையில் விழுந்தன. கீழ்வரி அப்படியே இருக்கட்டும், அது என்னிக்கும் பொய்யில்லையே என்றாள். இதைக் கடிதத்தின் தலையில் குத்தாதே, கடைசியில் குத்து என்றாள், பிறகு அவளே குத்துகிறேன் என்று கடைசித் தாளை எழுதும் முன்பே வாங்கி அடியில் குத்திவிட்டாள். கொஞ்சம் சாய்ந்திருக்கும், மை ஒரு பக்கம் குறைவு. அதன்மேல் கண்ணீர் விட்டு அழித்துவிடாதே, இது அவள் கைவேலை. எங்கிருந்தாலும் எப்போதும் நன்றாக இரு, நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அதில் எங்கள் ஆசி முழுதாக உண்டு. மறக்காதே, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று.

உன் மாமா
(சக்கரவர்த்திப் பட்டம் தற்காலிகமாக இறக்கிவைக்கப்பட்டுள்ளது)

உன் நலம் அறிய ஆவல்