பாசி பிடித்த உன் கடல்

இன்று காலை இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது விரலில் உன் மீன்தொட்டியின் வாடை அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைதான். ஆனாலும் அழுகிய கீரையும் உப்பும் கலந்த அந்த நாற்றம் போகவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். என் வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உன்னைத் திட்டுவது எங்கள் வீட்டில் குக்கர் விசில் மாதிரி ஆகிவிட்டது.

செத்துப்போன நண்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. நீ இல்லாதது வலிக்கிறது, அது வேறு. ஆனால் போகிற மனிதன் எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒரு முறை இல்லையா? மலையடிவார ஊரில், உன் லாட்ஜ் வரவேற்பறையில், ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய உப்புத் தண்ணீரை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

சாதாரணத் தண்ணீர்த் தொட்டி வை, தங்கமீன் விடு என்று எத்தனை தடவை சொன்னேன். நீ கேட்டால்தானே. "கிரிவலம் வர்றவங்க கால் வலிக்க நடந்துட்டு வந்து உக்கார்றாங்கடா. எதிர்ல கடல் இருந்தா எப்படி இருக்கும்?" என்றாய். சென்னைக்கு வேன் பிடித்துப் போய் அந்த ஆரஞ்சு மீன் ஜோடியை வாங்கி, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். வழியில் செஞ்சியில் டிபன் சாப்பிட்டபோதும் பையைக் கீழே வைக்கவில்லை. ஒரு கைதான் காலி. அந்தக் கையாலும் என் தட்டில் இருந்த வடையைத்தான் முதலில் எடுத்தாய். உன் வடை உன் தட்டில் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

தொட்டி வைத்த கொஞ்ச நாளில் கல்மேல் காபித்தூள் தூவினது போலப் பழுப்பாகப் படிந்தது. நான் பதறினேன். நீ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "புதுத் தொட்டி அப்படித்தாண்டா இருக்கும். கைய வெக்காத, தானா போய்டும்." போகவும் போனது. அடுத்தாற்போல் பச்சை, தலைமுடி போல நூல்நூலாகக் கிளம்பியது. அதற்கும் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். ஆனால் அந்த வாரமே, காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், தொட்டிக்கு எதிரில் இருந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய்.

லாட்ஜை இப்போது சுமதிதான் பார்த்துக்கொள்கிறாள். அழக்கூட நேரம் இல்லாமல் சாவி கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுண்ணா. நீங்கதான் பாத்துக்கணும்" என்று உன் மனைவி கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக் கல் கல்லாகத் தேய்த்தேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் விழுகிறதோ என்று திரை போட்டேன். ஆர்.ஓ. தண்ணீர் கேன்களைத் தூக்கி வந்து, உப்பைக் கலந்து, அளந்து, பழைய தண்ணீரை மாற்றினேன். பாசி தின்னும் என்று சொல்லிக் கடைக்காரன் ஒருவன் என் தலையில் கட்டிய நத்தைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கின. மீன் தீனியைக் கிள்ளிக் கிள்ளித்தான் போட்டேன். தேய்த்த இடத்தில் நாலே நாளில் மறுபடி பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுமதியின் தம்பி ஒரு நாள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். தீபத்துக்குக் கூட்டம் வருவதற்குள் சரியாகவில்லை என்றால் தொட்டியை எடுத்துவிட்டு சோபா போட்டுவிடலாம் என்றான். நியாயமான பேச்சுதான். எழுந்து உள்ளே போன சுமதி சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாசியை நான் விடுவதாக இல்லை.

தங்க வருகிறவர்கள்தான் காரணம் என்று நினைத்தேன். குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கைகள் தொட்டியைக் கண்டால் சும்மா இருக்குமா? தின்னாத பொரி அழுகினால் பாசிக்கு விருந்து. 'மீனுக்கு எதுவும் போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். அதைப் படித்துவிட்டே ஒரு பெரியவர் மூடியைத் தூக்கினார். பௌர்ணமியன்று, மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம் தவிர, பகல் முழுக்க வாட்ச்மேன் போல நின்று எல்லோர் கையையும் தடுத்து, எல்லோருடைய புண்ணியத்தையும் கெடுத்தேன். ஒரு பொரிகூட விழவில்லை. பாசி மட்டும் முன்னைவிட ஜாஸ்தியானது.

பிறகு ஒரு நாள், வழக்கமில்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். வரவேற்பறையில் யாரும் இல்லை. சுமதி தொட்டியின் மூடியைத் திறந்து, இலைத் துண்டில் இருந்த சாம்பார் சாதத்தை உருட்டித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். அது கல்லிடுக்கில் போய் உட்கார்ந்தது.

என் குரல் உயர்ந்துவிட்டது. "என்னம்மா பண்ற?"

அவள் திடுக்கிடவில்லை. "மாடியில காக்காக்குத்தான்ணா வெச்சினு இருந்தேன். ஒரு நாள்கூட காக்கா வாய்க்குப் போவல. கொரங்கு வந்து தூக்கினு போய்டுது. அவருக்குப் போய்ச் சேரவே இல்லன்னு மனசு அடிச்சிக்கிச்சு. நாள் பூரா இதுங்க எதிர்லதான உக்காந்திருந்தாரு. அதான்."

"மீன் தின்னலம்மா. பாசிதான் தின்னுது."

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "எதுவோ ஒண்ணு சாப்புடுதே" என்றாள்.

நீ இருந்திருந்தால் உன் தலையில் ஒன்று போட்டிருப்பேன். உனக்காக ஒருத்தி தினமும் போடும் சோற்றைத்தான் நான் டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோற்றை நாளையிலிருந்து மாடியிலேயே வைக்கச் சொன்னேன். குரங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றிலிருந்து மதியம் ஆனால், கையில் மூங்கில் கம்போடு உன் மொட்டைமாடியில் நிற்கிறேன். வெயிலோ தூறலோ, நின்றே ஆக வேண்டும். தண்ணீர்த் தொட்டிமேல் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கிழட்டுக் குரங்கு என்னை முறைக்கிறது. எதிர் லாட்ஜ்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் மானம் போனது போனதுதான்.

பாசி அடங்கி வருகிறது. மீதியைச் சுரண்டிய வாடைதான் இன்று விரலில் அடித்தது. ஆரஞ்சு ஜோடி தெளிந்த தண்ணீரில் சுற்றுவதைச் சுமதியின் தம்பியும் பார்த்தான். "பரவால்லீங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சோபாப் பேச்சு இப்போது இல்லை.

நேற்று அமாவாசை. சுமதி இலை நிறைய வைத்திருந்தாள். சாதம், பருப்பு, கூட்டு, பாயசம், ஓரத்தில் ஒரு வடை. குரங்குகளைத் துரத்திவிட்டுத் தள்ளி நின்றேன். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. சாதத்தைத் தொடவில்லை. பாயசத்தைத் தொடவில்லை. நேராக வந்து வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"வந்துட்டாரு" என்றாள் சுமதி.

இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வடைத் திருடா என்று கத்தினேன். இன்று மதியமும் அந்தக் கம்பை எடுத்துக்கொண்டுதான் மாடிக்குப் போகப்போகிறேன்.