வெட்டாமல் வைத்த பச்சைத் துணி

என் பேச்சைப் பாதியிலேயே மறிக்கிற அஞ்சலை அக்காவுக்கு,

இந்த ஒரு தடவை என்னை முழுசாகப் பேச விடு. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனி மறிக்க உன்னால் முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளேன். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் இதில் பாதிகூட என் வாயில் வந்திருக்காது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ருக்கு நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். இங்கே அரியலூரில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிற அதே பெண்கள் பள்ளிக்கூடம்தான். பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பாவாடை இரண்டு. கேட்டாயா, நீ சொன்னபடியே இரண்டு. ஆனால் நீ சொன்ன வருஷத்தில் சேர்க்கவில்லை. அது யாரால் என்று எழுதத்தான் இந்தக் காகிதம்.

போன வருஷம் பங்குனியில் நீ வெங்காய மூட்டை ஏற்றிய வண்டியில் ருக்குவையும் உட்காரவைத்துக்கொண்டு குன்னத்துப் பக்கமிருந்து வந்து இறங்கினாய். ஆறு வயசு அவளுக்கு. என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று நீயும் நானும் பேசி முடித்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் பேரும் கொடுத்தாயிற்று. திறக்கிற அன்றைக்கு யூனிபாரத்தோடு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தத் துணிக்கு நாம் பட்ட பாடு! உன் கொல்லையில் பருத்தி வெடித்துக் கிடக்கிறது. ஆனால் ஒரு முழம் துணிக்கு கன்ட்ரோல் கடை வாசலில் ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டும். உலக யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள், துணி மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. உன் கார்டுக்கு ஒரு புடவை வரவேண்டியிருந்தது. அந்தப் பங்கை விட்டுவிட்டு அதற்குப் பதில் பச்சைத் துணி நாலு கஜம் வாங்கினாய். "எனக்கு எதுக்குடா புடவை? இருக்கிறதே கிழியல" என்றாய். கிழிந்திருந்தது. முந்தானையில் நீ ஒட்டுப் போட்டிருந்ததை என் வீட்டுக்காரி, உன் தம்பி பெண்டாட்டி, பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

துணி வீட்டுக்கு வந்ததும் சண்டை ஆரம்பித்தது. ஞாபகம் இருக்கிறதா?

"ரெண்டு பாவாடை தெச்சுடு தம்பி. அளவாத் தெய்யச் சொல்லு."

"ஒண்ணு போதும்க்கா. வளர்ற புள்ள. நீளமா ஒண்ணு தெச்சு, அடியில நல்லா மடிப்பு விட்டுட்டா வருஷா வருஷம் பிரிச்சுக்கலாம். மிச்சத் துணி அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் கெடைக்குமோ கெடைக்காதோ."

"ஒண்ண வச்சுக்கிட்டு எப்பத் தொவைக்கிறது, எப்பக் காய வைக்கிறது?"

"சாயந்தரம் தொவைச்சா காலையில காஞ்சிடாதா? அரியலூர் வெயிலுக்கு என்ன பஞ்சம்?"

"ஐப்பசியில வந்து பேசு, ஐப்பசியில!" என்று கத்தினாய். அப்புறம் குரலை இறக்கி ஒன்று சொன்னாய். "எனக்கும் ஒத்தப் பாவாடைதான்டா இருந்துச்சு. தொவைக்கிற அன்னிக்கெல்லாம் வூட்டுலயே குந்தியிருந்தேன். வாத்தியாரு இவ சரியா வர்றதில்லன்னாரு. அப்பா நிறுத்திட்டாரு. ஒனக்கு ரெண்டு டவுசரு. நீ படிச்ச."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தக் கதை இப்ப எதுக்கு" என்றேன். அடுத்தவர் கஷ்டத்தை ஒரு வார்த்தையில் துடைத்துப் போடுவதில் நான் கெட்டிக்காரன். மண்டியில் கணக்கெழுதுகிற உத்தியோகம், சட்டைப்பையில் பேனா, ஊரில் எல்லாரும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள் என்கிற திமிர். நான்காவது முடிக்கிறதற்குள் நின்றுபோன அக்கா எனக்குக் கணக்குச் சொல்வதா?

பள்ளிக்கூடம் திறக்கிறவரை உன்னோடு இருக்கட்டும் என்று ருக்குவையும் கூட்டிக்கொண்டு நீ ஊருக்குப் போன பிறகு தையல்காரர் வந்து ருக்குவின் அளவைக் கேட்டார். நீ நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாயே, அதைக் கொடுத்தேன். என் பழைய வேட்டி ஒன்றில் வெள்ளைச் சட்டைகள் இரண்டு தைத்துக் கொடுத்தார். "பாவாடைத் துணி?" என்றார். "அது இருக்கட்டும், ஒண்ணா ரெண்டான்னு முடிவாகல" என்று அனுப்பிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, அவர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அனுப்பினேன். துணி டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. நீ இறங்கி வருவாய் என்று பார்த்தேன்.

வைகாசியில் உனக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. நான்கு நாள் கழித்து இன்னொரு ஆள் வந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் அது நின்றுபோக, மிச்ச தூரம் நடந்தே வந்தேன். கையில் அந்தத் துணி. உன்னைச் சந்தோஷப்படுத்த வேறு என்ன கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. "ரெண்டாவே தெச்சுடலாம்க்கா, நீ சொன்னதுதான் சரி" என்று உன் காதில் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தாய். துணியைத் தடவினாய்.

"இன்னும் வெட்டலியாடா?" என்றாய்.

அவ்வளவுதான். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நீ இல்லை.

இதைப் பேப்பருக்கும் அனுப்பப்போகிறேன்; படிக்கிறவர்களுக்கு நம் பக்கத்து முறை தெரியாமலிருக்கலாம். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடி போடவேண்டும். புதுத்துணியாக இருக்கவேண்டும், தண்ணீரில் நனைத்திருக்கக் கூடாது, கத்திரி பட்டிருக்கக் கூடாது. உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். குன்னத்தில் இல்லை, பெரம்பலூருக்கு சைக்கிளில் போனவனும் வெறுங்கையோடு வந்தான். உன் கார்டில் உனக்கு வரவேண்டிய புடவையைத்தான் நீ வாங்கவில்லையே.

நம் பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பொறந்த வூட்டுக் கோடி எங்கடா?"

"எங்கயும் கெடைக்கலங்க பெரியப்பா."

"கெடைக்கலன்னா? நம்ம வூட்டுப் பொண்ண அநாதை மாதிரி அனுப்பச் சொல்றியா? நாளைக்கு இந்த ஊருக்காரன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "இருக்கு. ஆனா அது பள்ளிக்கூடத்துத் துணி" என்றேன். 'ஆனா' என்று நான் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? "வெட்டலியே? நனைக்கலியே? அப்பறம் என்னடா?" என்றார். ஒரு கத்திரி பட்டிருந்தால்கூடப் போதும், அக்கா. ஒரு ஓரத்தில் அரை முழம் கிழித்திருந்தால்கூட அந்தத் துணியை யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். கொடியில் வெள்ளைச் சட்டைகள் தொங்குகிற என் வீட்டை நினைத்துக்கொண்டேன்.

துணி ருக்குவின் மடியில் இருந்தது. முந்தின நாள் உன் பக்கத்திலிருந்து எடுத்துவைத்துக்கொண்டவள் கீழே வைக்கவேயில்லை. நான் அவள் எதிரில் குந்தினேன். இப்போது எழுதுவதுதான் நான் செய்ததிலேயே கேவலமான காரியம். நானாக அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் கேட்டேன். "அம்மாவுக்கு இதக் குடுத்துடலாமா கண்ணு?" என்றேன். பெரிய மனுஷன் எடுக்கவேண்டிய முடிவை ஆறு வயசுப் பிள்ளை தலையில் கட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், நீட்டிவிட்டாள்.

போர்த்தினேன். "தம்பிகாரன் மொறைய விடலப்பா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

சுடுகாட்டில் அது உன்னோடு வரவும் இல்லை. பிணம் எரிக்கிறவர் முறைப்படி அதை எடுத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் துணி கிடைக்காத காலம்தான். ஆனால் வீட்டோடு நின்றுவிட்ட ருக்குவுக்கு அது தெரியாது. நீ கட்டிக்கொண்டு போயிருக்கிறாய் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. கார்டில் துணி இல்லை. வெறும் சட்டையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது என்று நான் அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மச்சான் நல்ல மனுஷன்தான், ஆனால் நீ இல்லாத வீட்டில் அவருக்கும் உதவிக்கு ஒரு கை வேண்டியிருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாப்ள" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு வருஷம் உன் மகள் களை பறித்தாள், கேழ்வரகு திரித்தாள், கூழ் கிண்டினாள். நீ மணலில் எழுதிக் கற்றுக்கொடுத்த எழுத்தெல்லாம் அவளை விட்டுப் போய்விட்டது. தை மாசம் நான் வந்தபோது அவளை 'அ' எழுதச் சொன்னேன். பாதி சுழித்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். "மறந்துபோச்சு மாமா" என்று சிரித்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு மச்சானோடு சண்டை போட்டேன். "பொட்டப்புள்ள, போவுது வுடு" என்றார். நான் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைப் போலக் கத்தினேன் என்று நினைக்கிறேன். சித்திரையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கார்டில் வந்ததை எல்லாம் பச்சைத் துணியாகவே வாங்கினேன். உன் தம்பி பெண்டாட்டி தன் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடையிலிருந்து நேராகத் தையல்காரரிடம் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி, என் கண்ணெதிரில் வெட்டச் சொன்னேன். "என்னங்க தீ புடிச்ச மாதிரி வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நேற்று தலைமை ஆசிரியையம்மா பழைய நோட்டைப் புரட்டினார்கள். "போன வருஷமே பேரு குடுத்தீங்களே? ஏன் வரல?"

ருக்கு சொன்னாள்: "பாவாடைத் துணிய எங்கம்மாவுக்குக் குடுத்துட்டேன் டீச்சர்."

அந்த அம்மாவுக்கு விவரம் புரிந்தது. அவளைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "துணி கெடைக்காத காலம்னு எங்களுக்குத் தெரியாதாங்க? இருக்கிற பாவாடையில அனுப்பியிருந்தா சேத்துக்கிட்டிருப்போமே. நீங்க வந்து ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே" என்றார்கள்.

கேட்கவில்லை, அக்கா. பெரியப்பாவை எதிர்த்துக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு குழந்தையிடம் மட்டும்தான்.

வீட்டுக்கு வரும்போது அவள் கை என் கைக்குள் இருந்தது. 'குடுத்துட்டேன்' என்று அவள் சொன்னதில் ஒரு நிமிர்வு இருந்தது. உனக்கென்று அவள் கொடுத்தது அது ஒன்றுதான். 'நீ கொடுக்கவில்லையடி, நான் பிடுங்கினேன், அந்தத் துணி உன் அம்மாவோடு போகவும் இல்லை' என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் இரண்டாம் தடவை பிடுங்கினவன் ஆவேனா? சொல்லாவிட்டால் அவள் கொடுத்ததால்தான் ஒரு வருஷம் போனது என்று காலம் பூராவும் நம்பிக்கொண்டிருப்பாளே, அது நியாயமா? நீயே சொல்லு. இப்போது மறித்துப் பேசேன், பார்க்கலாம்.

நீ பேசமாட்டாய். நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பேப்பருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, என் கையால் எழுதினதை அவளுக்கென்று பத்திரமாக வைத்திருப்பேன். அவளுக்கு யாரும் இதை வாசித்துக் காட்டப்போவதில்லை, நானும் வாயால் சொல்லப்போவதில்லை. நேற்று நடந்த முதல் பாடம் 'அ'. இதில் ஒரு வரிகூடத் திக்காமல் அவளாகவே வாசிக்கிற அளவுக்கு அவளைப் படிக்கவைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. வாசித்து முடித்துவிட்டு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம்.

அதுவரை அவளுக்குச் சோறு போட்டு, தலை பின்னி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விடுகிற,
உன் கூடப்பிறந்தவன்
தங்கராசு
அரியலூர்