மிளகு போடாத சூப்

இன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளியே வரும்போது, பள்ளி வாசலில் தள்ளுவண்டிக்காரர் அன்னாசிப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் நடக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு துண்டு வாங்கி மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றார்கள். எனக்கும் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். பருத்திப்பட்டு ஏரி வரும்வரை உன் நாக்கையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதைக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போன் வெளிச்சம் போர்வைக்குள் இருக்கிறது. அம்மா இந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று பயம். அதனால் உன் பெயரை எழுதவில்லை. நீ, நான், அவ்வளவுதான். நாளை அப்பா உன் வீட்டுக்கு வருவாரா, மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

போன ஆடியில் அப்பாவுக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாவாப் புகையிலை போட்டுப் போட்டு வாயில் வந்த புற்று. ஆபரேஷனில் ஒரு பக்கத்துத் தாடையையும் பல்லையும் எடுத்திருந்தார்கள். கரண்ட் வைக்க வைக்க வாய் முழுக்கப் புண். கஞ்சி குடித்துக் குடித்து இளைத்துக்கொண்டே போனார். இன்னும் எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், கறி, முட்டை என்று சத்தாக ஏதாவது உள்ளே போகட்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம்தான் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் பத்து நாள் எந்த வீட்டிலும் கறி வேகக்கூடாது. அதிலும் அப்பா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா தன் கையிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். "நிலைப்படி தாண்டி கறி வரக்கூடாது. கடையில உக்காந்து இன்னா குடிச்சாலும் எனக்குத் தெரியாது" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் வகுப்பில் இதை உன்னிடம் சொன்னேன். நீ பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டாய்.

"உங்க அம்மனுக்குத்தானே இப்ப காப்பு. எங்க காலனி அம்மனுக்கு இன்னும் ரெண்டு வாரம் கீது. அதுவரைக்கும் எங்கூட்ல கோழி வேகலாம்."

எங்கள் வீட்டு ஆட்கள் காலனியில் கை நனைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நீயே அதற்கும் வழி சொன்னாய்.

"திருவேற்காட்டுல ஒரு பொண்ணோட அம்மா செஞ்சி குடுத்தாங்கன்னு சொல்லு. அங்க எல்லாம் புதுசா வந்த ஜனம். யாரு எவருன்னு உங்கப்பா போய் தேடப்போறாரா?"

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். உன் கை செய்வதை யாரோ இல்லாத ஒருத்தியின் பெயரில் எழுதிவிடச் சொல்கிறாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே கறிக்கடைக்குப் போனோம். "நெஞ்சுக்கறி மட்டும். பொடியா கொத்திக் குடுண்ணா, சூப்புக்கு" என்றாய்.

கடைக்கார அண்ணன் கத்தியை நிறுத்தினார். "சூப்புக்கு எலும்பு வாங்குவாங்க. கொத்துக்கறில எவளாவது சூப்பு வெப்பாளா?"

"மெல்ல முடியாத ஆளுண்ணா."

"யாரு, உன் மாமியாரா?"

"மாமியாரா இருந்தா எலும்போட கேட்டிருப்பேன். நீ கொத்து."

முதல் நாள் சூப் கெட்டுப்போனது. உன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் கொத்துக்கறியைக் கொட்டினோம். அது கோலிக்குண்டு மாதிரி உருண்டு கட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய தப்பு, சூப் என்றால் மிளகு என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு கரண்டி மிளகைத் தட்டிப் போட்டேன். இங்கே யார் வீட்டில் மிளகு இல்லாமல் சூப் வைக்கிறார்கள்? அப்பா தன் கடையில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோனதை ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

நிரம்பிய தூக்கைத் திருப்பிக் கொண்டு வந்து உன்னிடம் காட்டினேன். நீ மூடியைத் திறந்து பார்த்தாய். "மிளகு. நம்ம புத்தி" என்றாய். அதற்குப் பிறகு என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை.

இரண்டாம் நாள் நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. கொத்துக்கறியை ஒரு அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பினாய். கையைக் கழுவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாய். வெட்டுக்கட்டையில் முன்பு வெட்டிய கோழியின் எலும்புச் சில் ஒட்டியிருந்தால் அது கறியோடு வந்துவிடும் என்றாய். கண்ணைத் திறந்திருந்தால் கண் ஏமாற்றிவிடும், விரல் ஏமாற்றாது என்றாய். அரிசியில் பாதி அளவுகூட இல்லாத மூன்று சில்களை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாய். நான் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வெளியே உன் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், டிவி ஓடிக்கொண்டிருந்தது, உன் காதில் எதுவும் விழவில்லை. நீ முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவரின் தொண்டைக்காக அப்படி உட்கார்ந்திருந்தாய். கோயிலில் கர்ப்பக்கிரகத் திரை விலகும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு எனக்கு அப்போது வந்தது.

பிறகு கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, கட்டி இல்லாமல் விரலால் கரைத்து, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாய்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்ல. நேத்து சுடுதண்ணில கட்டிக்கிச்சி. அப்ப இன்னிக்கு பச்சத்தண்ணில போட்டுப் பாக்கறேன்."

தண்ணீர் சூடேறச் சூடேறக் கறி மணல் மாதிரி உதிரியாக வெந்தது. நுரையை வழித்து எடுத்தாய். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, சுரைக்காய், கேரட், பாதி உருளைக்கிழங்கு, நான்கு சின்ன வெங்காயம், கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் சீரகம். காயெல்லாம் குழைந்ததும் மத்தால் கடைந்தாய். கடைசியில் அரை ஸ்பூன் நெய். தண்ணியாக இல்லை, கரண்டியில் எடுத்தால் நின்று விழுந்தது. "இது குடிச்சா சோறு துன்ன மாதிரி இருக்கணும்" என்றாய்.

அதை உடனே தூக்கில் ஊற்றவில்லை. உனக்கு அப்போது உதட்டுக்கு உள்ளே ஒரு வாய்ப்புண் இருந்தது. ஒரு ஸ்பூன் சூப்பை எடுத்து அந்தப் புண்ணின் மேல் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாய்.

"என் புண்ணுல எரியலன்னா உங்கப்பா புண்ணுலயும் எரியாது."

அன்று அப்பா தூக்கில் பாதியைக் குடித்தார். ஒவ்வொரு ஸ்பூனாக, ரொம்ப நேரம். மறுநாள் முக்கால். நான்காம் நாள் தூக்கைச் சாய்த்து அடியில் இருந்ததையும் வழித்தார். "யாரும்மா அந்தம்மா? கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். சொல் குழறித்தான் வந்தது, எனக்குப் புரிந்தது. இதை உன்னிடம் வந்து சொன்னதும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அந்தம்மாவா? சரி, இனிமே நீயும் என்ன அம்மான்னே கூப்டு. காலைல வந்து ஆசிர்வாதம் வாங்கிக்க."

ஏழாம் நாள் நான் வந்தபோது நீ வாசற்படியில் உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தாய். பாதிப் பழம் முடிந்திருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த துண்டைக் கடித்தாய்.

"இன்னாடி பண்ற?"

"புண்ணு பண்றேன்."

எனக்குப் புரியவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினாய். சிவந்து, தோல் உரிந்த மாதிரி இருந்தது. உதட்டுப் புண் நேற்றே ஆறிப்போய்விட்டதாம். ஆறின வாயால் சூப்பை எப்படிச் சோதிப்பது என்று யோசித்து, மதியத்திலிருந்து அன்னாசி தின்று நாக்கை ரணமாக்கிக்கொண்டிருந்தாய். அந்த நாக்கில் சூப்பை வைத்ததும் உனக்குக் கண் கலங்கியது. "பூண்டு எரியுது. நேத்து புண்ணுல தெரியல, இன்னிக்குத் தெரியுது" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சுரைக்காய் வேக வைத்துச் சேர்த்தாய். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பிசிக்ஸ் நோட்டைக் கேட்டாய்.

உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஒருத்திக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஸ்கேலுக்குச் சண்டை போட்டவர்கள்.

பத்து நாள் முடிந்து எடை பார்த்தபோது அப்பாவின் எடை குறையவில்லை. குழாய் வேண்டாம் என்றார்கள். காப்பு அவிழ்த்த பிறகு அம்மாவே அந்தச் சூப்பை வைத்தாள். எலும்புச் சில் தடவுவதிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், திருவேற்காட்டு அம்மா சொன்னதாக.

கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். ஏழாம் நாள் காலையில் வகுப்பில் சொன்னார்கள். எல்லோரும் உன்னைக் கடைசியாகப் பார்க்க வேன் பிடித்துக்கொண்டு போனார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. என்னை அங்கே யாராவது பார்த்து, தினமும் தூக்கோடு வந்தவள்தானே என்று கேட்டு, அது அப்பா காதுக்குப் போய், சூப் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். மேளச் சத்தம் ஏரிக்கரை வழியாகப் போகிறவரை எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இதை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த மாதம் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் அந்தத் திருவேற்காட்டு அம்மாவைப் பற்றித்தான். ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமை கூட்டிக்கினு போ. நேர்ல பாத்து குடுக்கணும்" என்றார். நான்கு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் இன்று மதியம் ஆட்டோவை விட்டு இறங்கி நேராக உன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் துணி மடித்துக்கொண்டே கேட்டார்கள். நீ அவர்களிடம்கூட யாருக்கு என்று சொல்லவில்லையாம். "யாரோ ஸ்கூல் டீச்சருக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா" என்றார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்: "வரட்டும். ஆனா வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போற வேலை வேணாம். உள்ள வந்து உக்காரணும், எம் பொண்ணு போட்டோ முன்னாடி."

சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்பாவிடம் சொன்னேன். எந்த வீடு, யார் செய்தது, உன் அம்மா என்ன சொன்னார்கள், எல்லாம் சொன்னேன்.

"மழையில காய்ச்சல்ல போச்சே, அந்தப் பொண்ணா?"

"ஆமாம்பா."

"உன் வயசா?"

"என் பெஞ்சுப்பா."

அப்பா ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடைசியில், "காலைல ஆறு மணிக்கெல்லாம் போயிட்டு வந்துரலாம்" என்றார்.

ஆறு மணி ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் டீக்கடை பெஞ்சில் ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காலனிக்குள் அவர் வண்டி திரும்புவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

என் வாழ்க்கையில் அப்பாவை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. என்ன துணிச்சலில் வாய் திறந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"பத்து மணிக்குப் போலாம்பா."

"ஏன்?"

"எல்லாரும் பாக்கட்டும்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, அம்மாவிடம் எதுவும் பேசாமல் படுத்துவிட்டார்.

காலையில் ஆறு மணிக்கு அவர் வண்டிச் சாவியை எடுத்தால் நான் எழுந்திருக்கப் போவதில்லை. பத்து மணிக்குக் கிளம்பினால் பின்னால் உட்கார்ந்து உன் வீட்டுக்கு வழி சொல்வேன். அவர் கிளம்பவே இல்லையென்றால், பத்து மணிக்கு நான் மட்டும் அந்த டீக்கடை வழியாக நடந்து வருவேன். பயம் போகவில்லை. ஆனால் பத்து மணி என்று சொன்னது நான். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.