பன்னிரண்டாவது லேபல்

கண்டி
05.05.2024

அன்புள்ள கிளைவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக, கொஞ்சம் கோபமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, ஆகவே ஜூன் முடியும்வரை கடிதம் மட்டும்தான் என்று நம் பங்குக் குரு கபிரியேல் சுவாமி சொல்லிவிட்டார். பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு வீட்டுப்பாடம். சரி, நானே முதலில் செய்கிறேன்.

நாய்க் காப்பகத்தில் தலைக்கு மேல் வேலை. நிலத்துக்காரர் வீடு கட்டப்போகிறார், ஜூன் முப்பதுக்குள் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு நாய்கள் இருக்கின்றன. வீடு கிடைக்காதவற்றைப் பிடித்த இடத்திலேயே, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில், திரும்ப விடுவதைத் தவிர வேறு வழியில்லை. விடமாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்.

இன்று ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஐந்து நாய்களுடன் நின்றோம். மிருக டொக்டர் சஞ்சீவனி ஊசிப் பெட்டியோடு, நான் தொண்டை கிழியக் கூப்பிட்டபடி. மெழுகுவர்த்தி வாங்க வந்த ஒரு அம்மா பிஸ்கட் என்ற நாயை மடியில் வைத்துக்கொண்டு திரீவீலரில் போனார். மெழுகுவர்த்தியை மறந்தே போனார். எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ராணியை மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச்சில் உங்கள் ரயில்வே குவாட்டர்சுக்கு நான் கொண்டுவந்த ஒற்றைக்கண் நாய். "நாயா நானா, ஒண்ணச் சொல்லு" என்றீர்கள். நான் அதோடு கண்டிக்கு வந்தேன். நான் தங்கியிருக்கும் அனற் அக்காவின் மாடி வீட்டில் நாய் வைக்க முடியாது, அதனால் ராணியும் காப்பகத்தில்தான். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

உங்கள்
தினுஷா


நாவலப்பிட்டி
14.05.2024

அன்பு தினுஷா,

கோபமெல்லாம் இல்லை. வயிறுதான் சரியில்லை. நான் ஆக்கும் சோறு ஒரு நாள் கஞ்சி, மறுநாள் கல்.

உன் கடிதத்தில் இருபத்திரண்டு நாய்களுக்கு இரண்டு பக்கம், எனக்குக் கால் வரி. பிஸ்கட்டுக்குக் கிடைத்த இடம்கூட எனக்கில்லை. அதை ஸ்டேஷன் பார்சல் கந்தோரில், வேலைக்கு நடுவே, வேடிக்கையாகச் சொன்னேன். சொன்னதுதான் தப்பு. மறுநாள் கலபொட ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. "கிளைவ், காட்டுப்பன்னி தோட்டத்த கிண்டித் தள்ளுது, உங்க வூட்டம்மாகிட்ட ரெண்டு நாய் கேட்டுக் குடுங்க" என்கிறார்கள்.

நான் நாய்க்காரன் இல்லை என்பதை மறந்துவிடாதே. வந்த செய்தியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு
கிளைவ்


கண்டி
26.05.2024

அன்புள்ள கிளைவுக்கு,

உங்கள் கடிதத்தைக் காப்பகத்தில் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கஞ்சி, கல் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே எத்தனை ஸ்டேஷன், எத்தனை குவாட்டர்ஸ், எத்தனை தோட்டம். இதை நான் யோசிக்கவே இல்லை. கண்டியிலேயே பத்து நாய்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டாயிற்று. நீங்கள் ரயில் லைன் முழுக்கக் கேட்டுச் சொன்னால் நான் ரயிலில் கூட்டோடு ஏற்றிவிடுகிறேன். இருபது வருடமாகப் பார்சல் அனுப்புகிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

நேற்று ராணியைப் பார்க்க ஒருவர் வந்தார். அதன் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார், போய்விட்டார். நான் சிரித்து வழியனுப்பிவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன்.

உங்கள்
தினுஷா


நாவலப்பிட்டி
16.06.2024

அன்பு தினுஷா,

முடிந்தது. நேற்று நீ ஏற்றிய பன்னிரண்டு கூடும் பத்திரமாக வந்தன. பிளட்ஃபோமில் வந்த குரைப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே ஓடிவந்துவிட்டார். ஒவ்வொரு கூட்டுக்கும் நானே லேபல் எழுதிக் கட்டி, அடுத்த ரயிலின் கார்ட் நஸீமிடம் ஒப்படைத்தேன். கலபொடயில் இரண்டு, ஹட்டனில் ஐந்து, ரொசல்லையில் நான்கு. மேஜர் என்று ஒன்று என் சப்பாத்து நாடாவைத் தின்றுவிட்டது. அதையும் திட்டாமல் ஏற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்து பல வருடம்.

ராணி வட்டவளையில் இறங்கிவிட்டது. ரயில் கேட் பார்க்கும் கமலம் வைத்திருக்கிறார். நல்ல இடம்.

இனி அங்கே ஒரு நாயும் இல்லை. வேலை முடிந்தது. வீட்டுக்கு வா.

கிளைவ்


கண்டி
24.06.2024

அன்புள்ள கிளைவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துத் துள்ளிக் குதித்தேன். ராணியைப் பற்றிய வரிகள் மட்டும் உறுத்தின. மேஜர் தின்ற சப்பாத்து நாடாவைக்கூட எழுதியவர் ராணிக்கு இப்படிக் கட்டையாக எழுதுவானேன்?

நேற்று நஸீம் கார்ட் என்னைக் கண்டி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஒரு லேபலை நீட்டி, "தங்கச்சி, இது உங்க பேருக்கு வந்த சாமான். நாங்கதான் தப்பா ஏத்திட்டோம்" என்றார். உங்கள் கையெழுத்து. பெறுபவர்: திருமதி தினுஷா கிளைவ், ரயில்வே குவாட்டர்ஸ், நாவலப்பிட்டி.

மிச்சத்தையும் அவரே சொன்னார். லேபல் கட்டிய சாமான் எல்லாம் ரயில் ஏறும், ஸ்டேஷனில் நிற்க வேண்டியதற்கு லேபல் கட்டக்கூடாது. சாமான் ஏற்றும் போட்டருக்குத் தெரிந்த இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியாதா? என் பெயரை எழுத ஆசைப்பட்டு லேபல் கட்டினீர்கள், அவன் பார்த்ததும் ஏற்றிவிட்டான். ராணி அழுததால் நஸீம் வட்டவளையில் தண்ணீர் காட்ட இறக்கினார். நீங்கள் மறுநாளே அங்கே போனீர்களாம். கமலத்தின் மகள் ராணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லையாம். "கிளைவ் மாத்தயா கொண்டுபோன பிஸ்கட் பக்கெட்ட அந்தப் புள்ள கையில குடுத்துட்டு நடந்துட்டாரு" என்றார். இதை ஏன் எனக்கு எழுதவில்லை? லேபலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை சந்தோஷத்தில்.

ஆனால் ஒன்று, கிளைவ். வேலை முடியவில்லை. திரும்பி வந்த கூடுகளைக் கழுவிக் கவிழ்த்த அன்றே காப்பகக் கேட்டடியில் யாரோ ஒரு பெட்டியை வைத்துப் போயிருந்தார்கள். ஐந்து குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. இங்கே பக்கத்தில், பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் இடம் தந்திருக்கிறார். என்னைப் பொறுப்பாக இருக்கச் சொல்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன், உங்களைக் கேட்காமல். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இந்த வேலையில்தான் நான் நானாக இருக்கிறேன்.

வெள்ளிவரை பிலிமத்தலாவை, சனி ஞாயிறு நாவலப்பிட்டி. என்னால் தரக்கூடியது இதுதான். வரும் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உங்களுக்குச் சம்மதமென்றால் பிளட்ஃபோமில் நில்லுங்கள், இறங்குவேன். இல்லையென்றால் நிற்க வேண்டாம். ஜன்னலால் பார்த்துக்கொண்டு, அப்படியே வட்டவளைக்குப் போய் ராணியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். சண்டை போடமாட்டேன்.

தினுஷா


நாவலப்பிட்டி ஸ்டேஷன்
29.06.2024, சனிக்கிழமை காலை

என் தினுஷா,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம்தான் கிடைத்தது. பதிலைத் தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் அங்கே போய்ச் சேரும். அதனால் ரயில் ஜன்னலால் உன் கையிலேயே கொடுப்பதற்கு எழுதுகிறேன். போட்டர் என் பேனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் திரும்பவும் எதற்காவது லேபல் எழுதிவிடுவேனோ என்று.

சனி ஞாயிறு போதும். மற்ற நாட்களில் வேலை முடிந்து நான் பிலிமத்தலாவைக்கு வந்து போகலாமா என்று யோசிக்கிறேன். கூடு கழுவத் தெரியாது, பழகிக்கொள்வேன்.

வட்டவளையில் நான் தனியாகத் திரும்பி நடந்தபோது ராணி கொஞ்ச தூரம் என் பின்னால் வந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, நஸீமிடம்கூட.

நீ இறங்க வேண்டாம். இடம் பிடித்து வை, நான் ஏறிக்கொள்கிறேன். வட்டவளைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன்
கிளைவ்