மாடசாமி என்று கூப்பிடுகிறார்கள்

ராயபுரம்,
மாசி, 1952

அன்புள்ள ஆவுடைக்கு எழுதிக்கொள்வது. நான் சுகம் என்றே வைத்துக்கொள். உன் இருமல் நின்றதா? அப்பாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. மண்டியில் சேர்ந்த அன்று என் பெயரைக் கேட்டதும் முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் பெயரும் குலசேகரன்தானாம். "எலே, அத நான் வாயால சொல்ல முடியுமா? இன்னையிலருந்து நீ மாடசாமி" என்றாள்.

நேற்று வண்டிக்கார அத்தாவுல்லாவிடம் உண்மைப் பெயரைச் சொன்னேன். "ராஜா பேரு மாரி கீதே! அப்புறம் இன்னாத்துக்கு நைனா மாடசாமின்னா திரும்பிப் பாக்குற?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குலத்துக்கே மகுடம் என்று பொருள். பாண்டியரில் எத்தனை குலசேகரர்கள் ஆண்டார்கள்! ஆழ்வார் ஒருவருக்கும் அதே பெயர். முதலாளிக்கு மட்டும் யார் பட்டா போட்டுக் கொடுத்தது?

இன்று முதலாளியம்மா கூப்பிட்டபோது நான் திரும்பவில்லை. மதியச் சோறு கிடைக்கவில்லை. கவலைப்படாதே, பன் தின்றேன்.

உன்மேலும் கோபம்தான். கல்யாணமான நாளிலிருந்து நீயும் என் பெயரைச் சொன்னதில்லை.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பார்சலின் மேல் உன் கையாலேயே என் பெயரைப் பெரிதாக எழுது. தபால்காரர் வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுவார். முதலாளி எழுந்து வந்தாலும் நான்தான் வாங்குவேன்.

கீழே மாடசாமியைக் கூப்பிடுகிறார்கள். கத்தட்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

குலசேகரன்