பனிக்கோல் யாருக்கு

யாஷ், 9 அக்டோபர்

திபேரியுவுக்கு,

நலம். நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. கட்டடத்தின் வெப்பக் குழாய்களில் இன்னும் வெந்நீர் விடவில்லை. கம்பளிச் சட்டையோடுதான் வகுப்பெடுக்கிறேன். கத்திரிக்காயும் குடமிளகாயும் சுட்டு, ஸகுஸ்கா கிளறி, ஜாடிகளில் அடைத்தாயிற்று. என் பக்கத்துச் செய்தி அவ்வளவுதான்.

நம் இணைய விளையாட்டுக் குழுவின் அரட்டையில் எழுத முடியாத விஷயம் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நாம் ஒரு காலத்தில் கணவன் மனைவி என்பது அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டாய். உங்கள் குழுவில் வைத்தியராக ஆடிய ஒருவர் விலகிப்போன அந்தக் குளிர்காலத்தில் என்னை விளையாட அழைத்தபோது நீ போட்ட ஒரே நிபந்தனை அது. பழைய மனைவிக்குத் தலைவன் சலுகை காட்டுகிறான் என்ற பேச்சு கிளம்பினால் குழு உடைந்துவிடும் என்றாய். சரியென்று பட்டது. நான்கு ஆண்டுகளாகக் காப்பாற்றியும் வருகிறேன்.

வியாழக்கிழமை பனி அரக்கன் ஒருவழியாக விழுந்தான். எத்தனை வாரங்களாக அவனிடம் அடி வாங்கினோம்! விழுந்தவனிடமிருந்து பனிக்கோல் கிடைத்தது. வைத்தியர்கள் மட்டுமே ஏந்தக்கூடியது. காயம்பட்டவர்களை அதைப்போல் வேகமாக எழுப்பும் கருவி இந்த விளையாட்டில் வேறில்லை. கிடைத்த பொருளை யாருக்குத் தருவது என்று வழக்கம்போல மூன்று பேர், எல்லார் காதிலும் விழும்படி, ஆளுக்கொரு பெயர் சொன்னீர்கள். ஒத்திலியா முதலில் என் பெயரைச் சொன்னாள். தோரின் தன் லாரியின் இருக்கையிலிருந்து ஹெட்போனில் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ரரேஷுக்குக் குடுங்கப்பா, புதுசா வந்த ஆளு, சந்தோஷப்படட்டும்" என்றான். மூன்றாவது நீ. கொஞ்சம் இடைவெளி விட்டு, "ரரேஷ்" என்றாய்.

இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் முடிந்தது. தனக்காக யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நீ வைத்த விதி. நானும் திறக்கவில்லை.

ரரேஷ் நல்லவன். கிளுஜில் பல் மருத்துவன், நோயாளிகளைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவான். ஆனால் கோடையில் வந்தவன், பாதி நாள் வருவதில்லை. எனக்குக் கோல் வேண்டாம்; காரணம் வேண்டும்.

ஸ்மராண்டா


திமிஷோரா, 11 அக்டோபர்

அன்புள்ள ஸ்மராண்டா,

உன் மின்னஞ்சலைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். நீ கடைசியாக எழுதியது அடுக்ககத்தின் உரிமைப் பத்திரம் பற்றி. நல்லவேளை, இது வெறும் பனிக்கோல்!

ஸகுஸ்காவில் பிரியாணி இலை போட்டாயா? இங்கே கடையில் வாங்குவதில் அது இருப்பதே இல்லை.

காரணம் கேட்டாய். ரரேஷ் புதியவன். கையில் ஏதாவது கிடைத்தால் நிலைத்து நிற்பான். கிடைக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போய்விடுவான். நீ அப்படியில்லை. என்ன கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் செவ்வாயும் வியாழனும் வந்து நிற்பாய். இருபது பேரைக் கட்டி மேய்ப்பவன் அதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, உனக்குத் தெரிந்ததுதான். என் வாயிலிருந்து உன் பெயர் வந்து, நாளைக்கு நம் கதை யாருக்காவது தெரியவந்தால், இதுவரை நான் சொன்ன ஒவ்வொரு பெயரையும் சந்தேகப்படுவார்கள். உன்னை விட்டுவிட்டுச் சொல்லும்போது எனக்குச் சுலபமாக இருக்கிறது என்று நினைக்காதே.

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. அடுத்த மாதம் அராத் மருத்துவமனையில். உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
திபேரியு


யாஷ், 12 அக்டோபர்

திபேரியுவுக்கு,

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அறுவைக்கு முன் பல்லைக் காட்டச் சொல். பல்லில் சீழ் இருந்தால் தள்ளிப்போடுவார்கள்.

போய்விடுவான் என்ற பயத்தில் ஒருவனுக்குக் கொடுக்கிறாய், போகமாட்டாள் என்ற நம்பிக்கையில் ஒருத்திக்குக் கொடுக்காமல் இருக்கிறாய். இதைத் தந்திரம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். நியாயம் என்று சொல்லாதே. நம் வீட்டிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. உன் அலுவலக நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், நான் கோபிக்கமாட்டேன். ஆகவே விடுமுறை நாட்கள் அவர்களுக்கு.

சண்டை பிடிக்க எழுதவில்லை. ஒரு வழி சொல்கிறேன். என் பெயர் அடிபடும்போது நீ ஒதுங்கிக்கொள். எனக்கு ஆதரவாகவும் வேண்டாம், எதிராகவும் வேண்டாம். மற்ற இருவரும் முடிவு செய்யட்டும். அவர்கள் இருவரும் ரரேஷ் என்றால் நான் மனப்பூர்வமாகக் கை தட்டுவேன்.

இதை மட்டும் செய். நான் இந்தக் குழுவில் வைத்தியராக இருக்கிறேனா, உன் முன்னாள் மனைவியாக இருக்கிறேனா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

ஸ்மராண்டா


திமிஷோரா, 13 அக்டோபர்

ஒதுங்கிக்கொள்கிறேன். வாக்கு.

விடுமுறை பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 

தி.


திமிஷோரா, 3 நவம்பர்

அன்புள்ள ஸ்மராண்டா,

நேற்று நீ எதுவும் பேசாமல் வெளியேறிவிட்டாய். தட்டச்சு செய்த ஒரே சொல் "பரவாயில்லை." அதைப் படித்தால் பரவாயில்லை என்பதாகத் தெரியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அரக்கன் விழுந்தான், மறுபடி பனிக்கோல் வந்தது. மனதுக்குள் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா? ரரேஷிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மற்ற வைத்தியர்கள் அன்று வரவில்லை. உன்னைத் தவிர ஆளில்லை. ஒத்திலியா உன் பெயரைச் சொன்னாள். தோரினைக் கேட்டால் பதிலில்லை. நட்லாக் எல்லையில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தவனுக்கு இணைப்பு அறுந்துவிட்டது. இரண்டு பேர் சொன்னால்தான் பெயர் நிற்கும். மிச்சமிருந்தவன் நான்.

ஒத்திலியா என்னை எப்படி உலுக்கினாள் என்று நீயும் கேட்டாய். "தலைவரே, ஒரு வார்த்தை சொல்லுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நான் சொல்றதா இல்ல."

"ஏன்?"

ஏன் என்பதை எப்படிச் சொல்வேன்? ரரேஷே குறுக்கே வந்தான்: "எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே தலைவரே! டாக்டரம்மாவுக்குக் குடுங்க. கேட்க ஆள் இல்லாத கோலை வச்சு என்ன பண்ணப்போறீங்க, பல்லா குத்தப்போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். பொருளை ஒதுக்கும் கெடு முடிந்துகொண்டிருந்தது. கெடு தாண்டினால் அது மறைந்தே போய்விடும். யார் பெயரும் நிற்காத பொருளை உடைத்துத் தூளாக்கிக் குழுவின் பெட்டியில் சேர்ப்பது வழக்கம். ஆகவே உடைத்தேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேன். ஆதரவாகவும் வேண்டாம், எதிராகவும் வேண்டாம் என்று நீதானே எழுதினாய்? இவ்வளவு கறாராக இருந்தும் ஏன் திருடனைப்போல் உணர்கிறேன் என்று புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டேன். அம்மாவோடு அராதில் இருப்பேன். ஒத்திலியா நடத்துவாள்.

அன்புடன்,
திபேரியு


யாஷ், 11 நவம்பர்

திபேரியுவுக்கு,

அம்மா எழுந்து நடக்கிறாளா? நடக்க வைப்பார்கள், வலிக்கிறது என்று திட்டுவாள், விடாதே.

நீ இல்லாத செவ்வாயன்று நான் சொல்லிவிட்டேன். நிபந்தனையை மீறியிருக்கிறேன், உனக்கு முதலில் என்னிடமிருந்து தெரியட்டும்.

விளையாட்டு தொடங்கும் முன் ஒத்திலியா கேட்டாள்: "ஸ்மராண்டா, அன்னிக்குத் தலைவர் ஏன் வாயே தொறக்கல? உனக்காவது புரிஞ்சுதா?" எனக்குப் பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "நாங்க கல்யாணம் பண்ணிப் பிரிஞ்சவங்க. அதனாலதான் அவர் ஒதுங்கிக்கிட்டார்" என்றேன்.

தோரின் வெடித்துச் சிரித்தான்.

"அட, இதைச் சொல்லவா இவ்ளோ மூச்சு வாங்குறீங்க? எங்களுக்கு எப்பவோ தெரியும் டாக்டரம்மா!"

"எப்படி?"

"ஒருநாள் சண்டை நடுவுல உங்க மைக்ல காத்து அடிக்கிற சத்தம். தலைவர், 'ஸ்மராண்டா, ஜன்னலைச் சாத்து, முதுகுல காத்து படுது'ன்னார். நீங்களும் ஒரு வார்த்தை பேசாம எழுந்துபோய்ச் சாத்திட்டு வந்தீங்க. அதுக்குள்ள நான் செத்தே போயிட்டேன், அது வேற விஷயம். எந்தத் தலைவன் ஒரு பேராசிரியரை ஜன்னல் சாத்தச் சொல்வான்? புருஷன்தான் சொல்வான். அதுவும் பழைய புருஷன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ரரேஷ் சொன்னான், கொஞ்சம் தயங்கி: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் வந்த புதுசுலயே சொல்லி வச்சாங்க. தலைவர் உங்கமேல வஞ்சம் வச்சிருக்கார், எது வந்தாலும் உங்களுக்குத் தரமாட்டார்னு."

யாரும் மறுக்கவில்லை, திபேரியு. நீ நான்கு ஆண்டுகள் நேர்மை என்று செய்ததை அவர்கள் பழிவாங்கல் என்று பார்த்திருக்கிறார்கள். தூளாக்கியதோடு அது உறுதியாகிவிட்டதாம்.

அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். உனக்காகப் பேசினேன்: அவர் வஞ்சம் வைக்கிற ஆளில்லை, பயப்படுகிற ஆள். ஆனால் ஒத்திலியாவிடம் ஒன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "நீ ஒவ்வொரு தடவையும் என் பேரைச் சொன்னியே, ஏன்?"

"பின்ன? அந்தாளு உனக்குச் செய்யிற அநியாயத்தைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"நான் விளையாடுறதைப் பார்த்துச் சொல்லலையா?"

"அதுவும்தான்..." என்றாள். அந்தச் சொல் வெளிவர நேரம் பிடித்தது.

இப்போது தெரிந்துவிட்டது. நீ என் பெயரைச் சொல்லாததற்கும் அவள் சொன்னதற்கும் காரணம் ஒன்றே. இத்தனை அரக்கர்களுக்கு முன்னால் நான் யாரையெல்லாம் எழுப்பி நிறுத்தினேன் என்பது எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இல்லை.

ஸ்மராண்டா


திமிஷோரா, 13 நவம்பர்

ஸ்மராண்டா,

வஞ்சமா? நானா?

அராதிலிருந்து திரும்பும் ரயிலில் உன் கடிதத்தைப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு பெயரைச் சொல்லும் முன் ஒரு கணம் மைக்கை அணைத்துவிடுவேன். உன் பெயர் தவறி வந்துவிடக் கூடாதே என்று. அந்த இடைவெளியைத்தான் அவர்கள் வஞ்சம் என்று கேட்டிருக்கிறார்கள் போலும்.

எல்லாரிடமும் பேசிவிட்டேன். இனி நான் பெயர் சொல்லும் மூவரில் ஒருவனில்லை. என் இடத்துக்கு நீ வா. ஒத்திலியாவும் தோரினும் சம்மதித்துவிட்டார்கள். அடுத்து வரும் பனிக்கோல் உனக்குத்தான் என்று இருபது பேரும் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார்கள். ரரேஷ் தன்னிடம் இருப்பதையே தரப் பார்த்தான், விளையாட்டில் அதற்கு வழியில்லை.

நீ சிறந்த வைத்தியர். இதை இப்போது சொன்னால் எப்படித் தொனிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வருவாய்தானே?

திபேரியு


யாஷ், 22 நவம்பர்

அன்புள்ள திபேரியு,

வியாழக்கிழமை வராததற்கு மன்னித்துக்கொள். ஒத்திலியாவுக்குத் தனியே எழுதினேன். அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு ஆரஞ்சு கேக் செய்யும் முறையை அனுப்பினாள். உனக்கு எழுதத்தான் நாளாகிவிட்டது.

உன் இடம் எனக்கு வேண்டாம். அதில் உட்கார்ந்தால் நான் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் 'பாவம், அவள் பட்ட பாடு' என்று ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த கோலும் வேண்டாம். இருபது பேர் பரிதாபப்பட்டுக் கொடுக்கும் கோலை ஏந்திக்கொண்டு எப்படி நிற்பது?

வேறொரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். போர்ச்சுக்கல்காரர்களும் கிரேக்கர்களும் கலந்தது. ஆளுக்கொரு மாதிரி ஆங்கிலம், பாதி புரிவதில்லை. அங்கே பெயர் சொல்லும் மூவரெல்லாம் கிடையாது. பொருள் கிடைத்தால், வேண்டுபவர்கள் எல்லாரும் பகடை உருட்டுகிறார்கள், பெரிய எண் வந்தவர் எடுத்துக்கொள்கிறார். ஒழுங்காக வராதவனுக்கும் கிடைக்கும், நேற்று வந்தவனுக்கும் கிடைக்கும். உனக்குக் கேட்கவே எரிச்சலாக இருக்கும். எனக்கும் அதில் பெரிய மதிப்பில்லை. செவ்வாயன்று ஒரு தலைக்கவசத்துக்கு உருட்டினேன். போர்டோவில் பேருந்து ஓட்டும் ஒரு பெண் ஜெயித்தாள். தோற்றபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. யாரும் என்னை விட்டுவிடவில்லை, எண் சிறியதாக விழுந்தது, அவ்வளவுதான். முடிந்து கிளம்பும்போது அவர்களுடைய கேடயக்காரன், "நீ எழுப்பாவிட்டால் நான் மூன்று தடவை செத்திருப்பேன்" என்றான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

உன்மேல் கோபமில்லை. இருந்தது, கரைந்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்தபோதும் ஒரே குழுவில் இருந்தபோதும் என்னைக் கடைசியில் வைத்தாய். இரண்டு தடவையும் நல்லெண்ணத்தோடுதான். இனி எதையும் பங்கு பிரிக்கும் வேலை நமக்குள் இல்லை. நீ என்னிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆகவே சும்மா பேசலாம். செவ்வாய், வியாழன் தவிர எந்தச் சாயங்காலமும் வீட்டில் இருப்பேன். எண் பழையதுதான்.

உன்,
ஸ்மராண்டா