கடிதத்தோடு நடந்தவனுக்குத் தெரியுமா

மாப்ள,

இன்று மதுரை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஸ்கேன் கவர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி, எதிர் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டேன். போன காரியம் போனதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட். நீ பட்டாளத்திலிருந்து வந்து அமீனா ஆனவன். சம்மனை நான் அடிப்பேன், நீ கொண்டுபோய்க் கொடுப்பாய். சேத்தூரில் ஏறி, ராஜபாளையத்தில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். நான் நாவலாக்கப் போகும் பைபிள் கதையை அந்த பஸ்ஸில்தான் உனக்குச் சொன்னேன். ஒரு ராஜா, போர்முனையில் இருக்கும் தன் சிப்பாயின் மனைவியை எடுத்துக்கொள்கிறான். அவள் கர்ப்பமானதும், பழியை மறைக்க அந்தச் சிப்பாயை ஊருக்கு வரவழைக்கிறான். வந்தவனோ வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கிடக்கிறான். 'இவனை முன்வரிசையில் நிறுத்திச் சாகவிடு' என்று தளபதிக்குக் கடிதம் எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான் ராஜா. அவனும் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறான், சாகிறான்.

"பாவம், ஒன்றும் தெரியாத அப்பாவி" என்று முடித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாய்.

"பட்டாளத்தான்னா மடையனாலே? வீட்டுக்குப் போகாம வாசல்ல ஏன் படுத்தான்? அவனுக்கு அம்புட்டும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் பிரிக்கல?"

"அத நீ எழுது. அதுக்குத்தான நாவலு."

அன்றிலிருந்து அந்தச் சிப்பாய் உனக்கு 'நம்ம ஆளு'. கூமாப்பட்டிப் பக்கம் சம்மன் கொடுத்துவிட்டு வந்தால், "நம்ம ஆளு எந்த ஊரு தாண்டிருக்கான்?" என்று கேலி செய்வாய். எங்கே தாண்டினான்! கடிதத்தோடு நடக்கிற அத்தியாயத்தில்தான் நின்றுபோனான்.

உனக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர் உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, கைமீறிவிட்டது, மதுரைக்குக் கூட்டிப்போங்கள், அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். ஒட்டிய ஸ்கேன் கவரை உன்னிடம் கொடுத்தார்கள்.

"என்னலே சொன்னாரு?"

"அல்சர்தானாம்."

என் முகத்தையே பார்த்தாய். "சரி" என்றாய். மறுநாள் மதுரை பஸ்ஸில் கவர் உன் மடியில். நாவல் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டாய். திருமங்கலம் வரை அந்தச் சிப்பாயின் கதையை உன்னிடமே பேசிக்கொண்டு வந்தேனே மாப்ள, எவ்வளவு பெரிய கோழை நான்!

அடுத்த மாதமே போய்விட்டாய். உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஆஸ்பத்திரியில் தினமும் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை. கேட்டால் என் பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டுமே. அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை தொடங்கிக் கிழித்தேனோ. ஒன்றில் சிப்பாய் கடிதத்தைப் படிக்கிறான், ஒன்றில் ஆற்றில் வீசுகிறான். எல்லாமே பொய்யாகப் பட்டது.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடமே கேட்டுவிட்டேன்.

"மதுரைக்குக் கெளம்புத அன்னைக்கே அவியளுக்குத் தெரியும்ணே. கவரப் பிரிக்கல. ஒங்க மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாவ. 'தெரிஞ்சதா காட்டிக்கிடாத, அவன் ஒடஞ்சு போவான். பஸ்ல கதைய ஆரம்பிச்சு விட்டுட்டா பேசிக்கிட்டே வந்துருவான்'னு சொன்னாவ."

அந்தப் பேச்சு என்னை ஒரு வாரமாக உட்காரவிடவில்லை. இன்று பஸ்ஸிலிருந்து ஓடிவந்து நோட்டைத் திறந்தேன். ராஜா தன் கையாலா எழுதியிருப்பான்? ஒரு எழுத்தனைக் கூப்பிட்டுத்தானே எழுதச் சொல்லியிருப்பான். அந்த எழுத்தனைச் சிப்பாயோடு நடக்கவிட்டேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தனுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்த சிப்பாய்க்கும் தெரியும். இவன் அழுதுவிடக் கூடாதே என்று, சாகப்போகிறவன் வழியெல்லாம் கதை கேட்டுக்கொண்டே வருகிறான்.

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன், மாப்ள. மேலே எழுத முடியாமல் அழுதுகொண்டிருக்கிறேன். பேச்சை மாற்ற நீ இல்லை.